அபராதம் எச்சரிக்கையாக இருக்கட்டும், வருமானமாக வேண்டாம்

ஒவ்வொரு மாதமும் 5 ஆம் தேதிக்கும் 10 ஆம் தேதிக்கும் இடையே வங்கிக் கிளைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். கணக்குப் புத்தகத்தை விரித்து, ஒரு வரியின்மேல் விரலை வைத்து, “இந்தப் பணம் எதற்காகப் பிடிக்கப்பட்டது?” என்று வாடிக்கையாளர் கேட்பார். “தவணை திரும்பியதற்கான கட்டணம்” என்று நாங்கள் விடை சொல்வோம். விடை சரியானதுதான். ஆனால் அந்த விடையோடு எங்கள் கடமை முடிந்துவிடுகிறதா என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

மும்பைப் புறநகரில் நாங்கள் பணியாற்றிய கிளை ஒன்றில், அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலர் ஒருவர் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தார். இருசக்கர வாகனம் வாங்குவதற்காக ஒரு நிதி நிறுவனத்தில் கடன் பெற்றிருந்தார். மாதத் தவணை 3,200 ரூபாய். அது எங்கள் கிளையிலுள்ள அவருடைய கணக்கிலிருந்து 5 ஆம் தேதி தானாகப் பற்றாக வேண்டும். அவருக்குச் சம்பளம் வருவதோ 7 ஆம் தேதி. 5 ஆம் தேதி கணக்கில் பணமின்றித் தவணை திரும்பிவிடும். 8 ஆம் தேதி அவர் நிதி நிறுவனத்தின் அலுவலகத்துக்கே சென்று தவணையை ரொக்கமாகச் செலுத்திவிடுவார். ஒரு மாதத் தவணையைக்கூட அவர் பாக்கி வைத்ததில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் நாங்கள் 300 ரூபாயும் நிதி நிறுவனம் 500 ரூபாயும் பிடித்தோம். 8 மாதங்களில் 6,400 ரூபாய். இரண்டு முழுத் தவணைகளுக்கு ஈடான தொகை போயிற்று. கடனில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

அவரே வந்து கேட்ட பிறகுதான் நாங்கள் கணக்கைப் பின்னோக்கிப் பார்த்தோம். ஒரே தேதியில், ஒரே தொகை, ஒரே காரணத்தால் 8 முறை திரும்பியது எங்கள் கணினியில் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. கட்டணத்தைப் பிடிக்க ஒரு மாதமும் தவறாத நாங்கள், காரணத்தைக் கேட்க எல்லா மாதமும் தவறியிருந்தோம். தவணைத் தேதியை 10 ஆக மாற்றித் தரும்படி நிதி நிறுவனத்துக்குக் கடிதம் எழுத உதவினோம். புதிய தேதி நடைமுறைக்கு வந்தபின் அவருடைய தவணை திரும்பவே இல்லை.

கட்டணம் ஏன் இருக்கிறது

தாமதத்துக்கும் திரும்புதலுக்கும் கட்டணமே கூடாது என்று நாங்கள் வாதிடவில்லை. வங்கி கடனாகக் கொடுப்பது தன் பணத்தை அன்று, வைப்பாளர்களின் பணத்தை. கடன் தவணை ஒரு நாள் தாமதமானாலும், வைப்பாளருக்குச் சேர வேண்டிய வட்டி அந்த நாளுக்கும் சேர்ந்துகொண்டேதான் இருக்கிறது. தாமதத்துக்கு எந்த விலையும் இல்லையென்றால், குறித்த நாளில் செலுத்துபவர் செலுத்தாதவரின் சுமையையும் மறைமுகமாகச் சுமக்க நேரிடும்.

காசோலை திரும்புவதில் இன்னொருவரின் பாதிப்பும் அடங்கியிருக்கிறது. ஒரு சிறு வணிகர் தமக்கு வந்த காசோலையை நம்பித் தம் சரக்குக்காரருக்குக் காசோலை கொடுக்கிறார். முதற்காசோலை திரும்பினால் இரண்டாவதும் திரும்பும். அதனால்தான் 1881 ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138 ஆம் பிரிவு சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடனைத் தீர்க்கக் கொடுத்த காசோலை போதிய பணமின்றித் திரும்பி, உரிய அறிவிப்புக்குப் பிறகும் 15 நாட்களுக்குள் தொகை செலுத்தப்படாவிட்டால், 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க அப்பிரிவு இடமளிக்கிறது. இதையொத்த ஏற்பாட்டை மின்னணுப் பரிமாற்றங்களுக்கு 2007 ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம் தன் 25 ஆம் பிரிவில் செய்துள்ளது. எனவே தவணைப் பற்று திரும்புவதைச் சிறு விஷயமென எவரும் எண்ணிவிடக் கூடாது.

எல்லை எங்கே

ஆனால் எச்சரிக்கைக்கும் தண்டனைக்கும், தண்டனைக்கும் வருமானத்துக்கும் இடையே எல்லைகள் உண்டு. அவற்றை நம் சட்டம் நெடுங்காலமாகவே வகுத்து வந்திருக்கிறது. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74 ஆம் பிரிவில், ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என முன்கூட்டியே ஒரு தொகை எழுதப்பட்டிருந்தாலும், அந்த வரம்புக்கு உட்பட்ட நியாயமான இழப்பீட்டையே பெற முடியும் என்கிறது. 2001 இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு, சென்ட்ரல் வங்கிக்கும் ரவீந்திராவுக்கும் இடையிலான வழக்கில், அபராத வட்டியை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி கணக்கிடக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கொரோனாக் காலத்தில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை ஒத்திவைப்பு வழங்கப்பட்டது. அந்த மாதங்களுக்கு வட்டிக்கு வட்டியோ அபராத வட்டியோ எந்தக் கடனாளியிடமும் வசூலிக்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் அதே நீதிமன்றம் கூறிற்று.

இவற்றுக்கெல்லாம் தெளிவான வடிவம் தந்தது 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. அபராதத்தின் நோக்கம் கடன் ஒழுங்கை வளர்ப்பதே, வருமானத்தைப் பெருக்குவது அன்று என்பதை அது ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. தவணை தவறினால் வட்டி வீதத்தையே உயர்த்தும் பழைய முறை நீங்கி, அபராதம் தனிக் கட்டணமாகவே இருக்க வேண்டும் என்றாயிற்று. அக்கட்டணத்தின்மேல் மேலும் வட்டி கணக்கிடக் கூடாது. அது மீறலின் அளவுக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும். சொந்தத் தேவைக்குக் கடன் பெற்ற தனிநபரிடம், அதே போன்ற மீறலுக்கு நிறுவனங்களிடம் வாங்குவதைவிடக் கூடுதலாக வாங்கக் கூடாது. நினைவூட்டல் அனுப்பும்போதே கட்டண விவரத்தைச் சொல்ல வேண்டும். கட்டணம் பிடித்தால் அதையும் அதன் காரணத்தையும் தெரிவிக்க வேண்டும். இவ்விதிகள் 2024 ஏப்ரல் 1 முதல் புதிய கடன்களுக்கும், அவ்வாண்டு ஜூன் 30 க்குள் பழைய கடன்களுக்கும் நடைமுறைக்கு வந்தன. இத்தகைய அபராதக் கட்டணத்தின்மேல் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை என்பதையும் 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய சரக்கு, சேவை வரிக் குழு தெளிவுபடுத்தியது.

‘மீறலின் அளவு’ என்னும் சொல் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒருவருடைய கடன் நிலுவை 5,00,000 ரூபாய். அவர் தவறவிட்ட தவணை 10,000 ரூபாய். தாமதம் 30 நாட்கள் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 2 சதவீதம் என்னும் அபராதத்தைத் தவறிய தவணையின்மேல் கணக்கிட்டால் ஏறக்குறைய 16 ரூபாய் வரும். அதே 2 சதவீதத்தை மொத்த நிலுவையின்மேல் கணக்கிட்டால் ஏறக்குறைய 822 ரூபாய் ஆகிவிடும். சதவீதம் ஒன்றே; சுமை 50 மடங்கு. எனவே கடன் பத்திரத்தில் கையெழுத்திடும்போது எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்க்காமல், எதன்மேல் அச்சதவீதம் என்றும் பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கும் குறு, சிறு, நடுத்தரத் தொழில் தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை தரப்படுகிறது. அதில் குறிப்பிடாத எந்தக் கட்டணத்தையும் கடனாளியின் வெளிப்படையான ஒப்புதலின்றிப் பிடிக்க இயலாது.

திரும்புதல் கட்டணத்தில் எஞ்சியுள்ள குறை

தாமதத்துக்கான அபராதம் இவ்வாறு ஓரளவு நெறிப்பட்டுவிட்டது. திரும்புதல் கட்டணம் அந்த அளவு நெறிப்படவில்லை என்பதே எங்கள் கருத்து. சேவைக் கட்டணங்களை ஒவ்வொரு வங்கியின் இயக்குநர் குழுவும் தானே வகுத்துக்கொள்கிறது. அவை நியாயமாகவும், சேவைக்கு ஆகும் சராசரிச் செலவுக்கு ஏற்பவும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. வாடிக்கையாளர் பக்கம் தவறு இருந்தால் மட்டுமே காசோலை திரும்பியதற்குக் கட்டணம் பெறலாம் என்பதும், தொழில்நுட்பக் காரணத்தால் திரும்பிய காசோலையை வங்கியே 24 மணி நேரத்துக்குள் மறுபடி அனுப்பி அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதிகளில் உள்ளன.

இன்று பெரும்பாலான தவணைகள் காசோலையில் செல்வதில்லை. ‘நாச்’ என்னும் தேசியத் தானியங்கித் தீர்வு முறை வழியே செல்கின்றன. ஒரு தவணை திரும்புவதற்கு எங்களில் எவரும் ஒரு தாளைக்கூடத் தொடுவதில்லை; எல்லாம் கணினியே செய்கிறது. ஆகவே அக்கட்டணத்தின் பெரும்பகுதி செலவுக்கானது அன்று, எச்சரிக்கைக்கானது என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. எச்சரிக்கை என்றால் அதற்கு ஒரு பயன் இருக்க வேண்டும். பணம் இருந்தும் கணக்கில் போடாதவரை அது திருத்தும். சம்பளமே இன்னும் வராதவரை அது எப்படித் திருத்தும்? ஒரே தவணையை ஒரே மாதத்தில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அனுப்பி, ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் கட்டணம் பிடிப்பதால் யாருக்கு என்ன ஒழுங்கு கூடுகிறது?

இதன் விளைவு அங்கேயே நிற்பதில்லை. கணக்கில் பணமில்லாததால் பிடிக்க முடியாத கட்டணம் காத்திருந்து, அடுத்த சம்பளம் வந்தவுடன் முதலில் போகிறது. அந்த 300 ரூபாய் குறைந்ததாலேயே அடுத்த தவணைக்கும் பணம் போதாமற்போகிறது. பட்ட காலிலே படும் என்பார்கள். சிறு இருப்பு வைத்திருக்கும் கணக்குகளில் நாங்கள் இதை நேரில் காண்கிறோம்.

இன்னோர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் முறையிட்டால் இக்கட்டணங்களைச் சில வேளைகளில் திருப்பித் தருகிறோம். ஆனால் யார் முறையிடுகிறார்? மேலாளரை அறிந்தவர், மின்னஞ்சல் எழுதத் தெரிந்தவர், பெரிய இருப்பு வைத்திருப்பவர். அந்தக் காவலரைப் போன்றவர்கள் கட்டணத்தைத் தம் விதியாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கேட்பவருக்குத் தள்ளுபடியும் கேளாதவருக்கு வசூலும் என்னும் நிலை கருணை ஆகாது. அது வேறுபாடு காட்டுவதே. தள்ளுபடி அதிகாரியின் மனத்தைப் பொறுத்ததாக இராமல், எழுதி வைத்த விதியைப் பொறுத்ததாக இருக்க வேண்டும்.

வங்கிகள் செய்ய வேண்டியவை

எல்லா வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நான்கு ஏற்பாடுகளைத் தாமாகவே செய்யலாம் என்று கருதுகிறோம்.

முதலாவது, கடன் வழங்கும் நாளிலேயே சம்பளம் அல்லது வரவு எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்டு, அதற்கு மூன்று நாட்கள் கழித்துத் தவணைத் தேதியை அமைக்க வேண்டும். வேலை மாறினால் தேதியை மாற்றிக்கொள்ளவும் எளிய வழி வேண்டும்.

இரண்டாவது, முன்னறிவிப்பு. அட்டை, யுபிஐ வழியாகப் பிடிக்கப்படும் சந்தா போன்ற தொடர் பற்றுகளுக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பது விதி. திரைப்படம் பார்க்கக் கட்டும் சந்தாவுக்கு உள்ள பாதுகாப்பு வீட்டுக் கடன் தவணைக்கும் இருக்க வேண்டாமா? அச்செய்தி வாடிக்கையாளர் வாசிக்கும் மொழியில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு தவணைக்கு ஒரு மாதத்தில் ஒரு திரும்புதல் கட்டணம் போதும். மறுபடி அனுப்புவதானால் தேதியைச் சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும். கடன் அட்டையில், நிலுவை 3 நாட்களுக்கு மேல் தாண்டினால் மட்டுமே தாமதக் கட்டணம் பிடிக்கலாம் என்னும் விதி இருக்கிறது. அதே 3 நாள் பொறுமையைத் தவணைக் கடன்களிலும், ஆண்டுக்கு ஒரு முறையாவது, எல்லாருக்கும் விதியாகவே தரலாம்.

நான்காவது, தொடர்ந்து இரண்டு மாதம் ஒரே காரணத்தால் தவணை திரும்பினால், மூன்றாவது கட்டணத்துக்கு முன் கிளையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு செல்ல வேண்டும்.

சலுகை கொடுத்தால் ஒழுங்கு கெடும் என்று எங்கள் சக அதிகாரிகளிலேயே சிலர் சொல்வதுண்டு. அந்த அச்சம் முற்றிலும் பொய்யானது அன்று. ஆனால் செலுத்த மனமில்லாதவரையும் செலுத்தும் நாள் மட்டும் பொருந்தாதவரையும் பிரித்தறியும் தகவல் எங்கள் கணினியிலேயே இருக்கிறது. மாதந்தோறும் 8 ஆம் தேதி தவறாமல் செலுத்துபவர் ஒழுங்கற்றவர் அல்லர். தவறான தேதி கொடுக்கப்பட்டவர். மேலும், அவர் கட்டணமாக இழக்கும் தொகை கடனை அடைக்கப் பயன்படாத தொகை. அது குறைந்தால் கடன் கொடுத்தவருக்கும் நன்மையே.

வாடிக்கையாளர் செய்ய வேண்டியவை

பொறுப்பு முழுவதும் எங்கள் பக்கம் மட்டும் இல்லை. பழைய பழக்கங்கள் சிலவற்றை வாடிக்கையாளர்களும் விட வேண்டிய காலம் வந்துவிட்டது.

2021 ஆகஸ்ட் 1 முதல் ‘நாச்’ வாரத்தின் எல்லா நாட்களிலும் இயங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை என்பதாலோ பண்டிகை என்பதாலோ தவணை காத்திருக்காது. முதல் நாள் இரவே பணம் கணக்கில் இருக்க வேண்டும். காசோலைகளும் விரைவாகிவிட்டன. 2025 அக்டோபர் 4 முதல் காசோலைகள் தொகுதி தொகுதியாக இன்றித் தொடர்ச்சியாகத் தீர்வு செய்யப்படுகின்றன. கொடுத்த அன்றே பணம் பிடிக்கப்படக்கூடும். இன்று காசோலை கொடுத்துவிட்டு நாளை மறுநாள் பணம் போட்டுக்கொள்ளலாம் என்னும் கணக்கு இனிப் பலிக்காது.

தவணை ஒன்றுக்குச் சமமான தொகையைக் கணக்கில் எப்போதும் தொடாமல் வைத்திருப்பது நல்லது. முடியாதவர்கள் தவணைத் தேதியையாவது சம்பளத் தேதிக்குப் பின் மாற்றிக்கொள்ளுங்கள். கடன் முடிந்ததும் தானியங்கிப் பற்றுக்கான ஆணையை நீக்கிவிட்டீர்களா என்று பாருங்கள். கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது தாமதக் கட்டணத்தைத் தவிர்க்கும், வட்டியைத் தவிர்க்காது.

கட்டணத்தைவிடப் பெரிய இழப்பு கடன் வரலாற்றில் விழும் கறை. 2025 ஜனவரி 1 முதல் கடன் தகவல் நிறுவனங்களுக்கு வங்கிகள் மாதத்துக்கு இரு முறை விவரம் அனுப்பத் தொடங்கின. தாமதம் முன்னைவிட விரைவாகப் பதிவாகிறது. தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் கடன் வாராக் கடனாக வகைப்படுத்தப்படும். வேலை இழப்பு, நோய், விளைச்சல் பொய்த்தல் ஆகியவற்றால் செலுத்த இயலாத நிலை வரும் என்று தெரிந்தால், தவணைத் தேதிக்கு முன்பே கிளைக்கு வாருங்கள். முன்னால் வருபவருக்காக நாங்கள் செய்யக்கூடியவை, பின்னால் வருபவருக்காகச் செய்யக்கூடியவற்றைவிட எப்போதும் அதிகம்.

பிடிக்கப்பட்ட கட்டணம் தவறென்று தோன்றினால் எழுத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 14448 என்னும் எண்ணில் வழிகாட்டுதல் பெறலாம். வங்கி இதழிலேயே இதை எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். முறையிடத் தெரிந்த வாடிக்கையாளர் எங்களுக்குத் தொல்லை அல்லர். எங்கள் கணினி கவனிக்காததை எங்களுக்குக் காட்டுபவர்.

இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் கணக்கின் கடந்த ஆறு மாதப் பதிவுகளை ஒரு முறை பாருங்கள். திரும்புதல் கட்டணம் இரண்டு முறைக்கு மேல் இருந்தால் கணக்குப் புத்தகத்தோடு கிளைக்கு வாருங்கள். எதற்காகப் பிடிக்கப்பட்டது என்பதோடு எங்கள் விடை நின்றுவிடாது. ஏன் திரும்பியது, இனித் திரும்பாதிருக்க என்ன செய்யலாம் என்பதையும் நாம் சேர்ந்தே பார்ப்போம்.